மக்னீசியம் டப்பாவை ஓரமாக வையுங்கள் ஆச்சி, முதலில் கேஸ் மாத்திரையைப் பார்ப்போம்

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாகப் பிரஷர், இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு. கொஞ்ச நாளாக ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, சில நாள் நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வந்துவிடுகிறது என்கிறார். போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில், கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கணினியில் பார்த்துவிட்டு, 'மக்னீசியம் ரொம்பக் குறைவு, சர்க்கரைக்காரர்களுக்கு இதனால்தான் ஹார்ட் அட்டாக் வருகிறது' என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய்க்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். கொடுத்தவர் பங்காளி வீட்டுப் பையன், மறுக்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன், அங்கே நல்ல மக்னீசியம் கிடைக்கும், நானே வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எதைக் கொடுப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கொடுக்க வேண்டாம் ஆச்சி. மகனிடமும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செட்டியார் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் எதையும் இந்த டப்பாவை நம்பிக் குறைத்திருந்தால் இன்றைக்கே பழையபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

அந்த முகாமில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பாதி உண்மை, அதுதான் சங்கடம். மக்னீசியம் என்பது நம் உடம்பில் மொத்தமாகவே சுமார் 25 கிராம் இருக்கிற ஒரு தாது. அதில் பாதிக்கு மேல் எலும்பில், மிச்சத்தில் பெரும்பகுதி சதையில், ரத்தத்தில் ஓடுவது நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பொட்டாசியமும் சோடியமும் கால்சியமும் இதயச் செல்லுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கின்றன. நம் ஊர் வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராகத் தெரியும் இல்லையா, அந்த வாசல் ஒவ்வொன்றிலும் யாரை விடலாம் யாரை நிறுத்தலாம் என்று பார்க்க ஒரு ஆள் நின்றால் எப்படியோ, மக்னீசியம் அப்படி. ஆள் குறைந்தால் பொட்டாசியம் உடம்பில் தங்காமல் சிறுநீரில் போய்விடும், துடிப்பு தாளம் தப்பும். பொட்டாசியம் குறைந்தவருக்குப் பாட்டில் பாட்டிலாகப் பொட்டாசியம் மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்றால், நாங்கள் மக்னீசியத்தைத்தான் சந்தேகப்படுவோம். மக்னீசியத்தைச் சரிசெய்த பிறகுதான் பொட்டாசியம் ஏறும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இது குறைய வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மைதான். ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டி நிற்கும்போது அது சிறுநீரில் இறங்குகிறது, இறங்கும்போது தண்ணீரையும் மக்னீசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதா, ஓட்டையை அடைப்பதா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முகாமில் கேட்டிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள், ஆக யாரும் கேட்கவில்லை. 5,400 ரூபாய் வாங்கியவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளங்கையில் ஒரு உலோகத் தடியைப் பிடித்தால் கணினித் திரையில் மக்னீசியம், துத்தநாகம், கல்லீரல், மூட்டு, மனக்கவலை வரைக்கும் பச்சை சிவப்பாகக் கட்டம் கட்டமாக வரும். பார்க்கப் பெரிய ஸ்கேன் மாதிரி இருக்கும். ரத்தத்தையே எடுக்காமல் ரத்தத்தில் இருக்கும் மக்னீசியத்தை அளக்கிற அப்படி ஒரு கருவி மருத்துவத்தில் இல்லை ஆச்சி, கிடையவே கிடையாது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரே ஆள் அரைமணி நேரம் விட்டு இரண்டு பெயரில், இரண்டு வயது சொல்லிப் பிடித்துப் பார்க்கட்டும், இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். என்னிடம் வரும் பெரியவர்கள் இந்தக் கலர் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டுக் கொண்டு வருவார்கள், உண்மையான ரத்தப் பரிசோதனைச் சீட்டு மடிந்து கசங்கிச் சட்டைப் பையில் இருக்கும். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இதில் ஆளைப் பிடிக்கிற விதம் இன்னும் மோசம். முன்பின் தெரியாதவன் வந்தால் நாம் வாசலிலேயே அனுப்பிவிடுவோம், அதனால்தான் சொந்தக்காரப் பிள்ளைகளையே ஏஜென்ட் ஆக்குகிறார்கள். அந்தப் பையனுக்கும் தனக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கும், அவனையும் யாரோ ஏமாற்றித்தான் இதில் இறக்கியிருப்பார்கள். கோயில் பங்காளி, விசேஷத்தில் முகம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் வாங்கிவிடுகிறீர்கள். வாங்கியதோடு நின்றால் பணத்தோடு போய்விடும். 'இதைச் சாப்பிட்டால் இங்கிலீஷ் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் ஆளைக் கொண்டுபோய்விடும். சர்க்கரை நோய், இதய நோய், ரத்த அழுத்தம் இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. எழுபது வருடம் ஆகிவிட்டது, மண்டபத்தில் மைக் வைத்துச் சொல்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. டப்பாவில் உணவுப் பாதுகாப்புத் துறை உரிம எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம், கடலைமிட்டாய் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் உண்டு.

டப்பாவின் பின்பக்கத்தையும் ஒரு தடவை கண்ணாடி போட்டுப் படியுங்கள். முன்னால் பெரிய எழுத்தில் 'மக்னீசியம் கிளைசினேட் 1000 மில்லிகிராம்' என்று இருந்தால், அந்த ஆயிரமும் மக்னீசியம் இல்லை, அதில் உண்மையான மக்னீசியம் 140 மில்லிகிராம் அளவுதான், மற்றது அதோடு சேர்ந்த பொருள். மக்னீசியம் ஆக்சைடு என்று இருந்தால் எடையில் பாதிக்கு மேல் மக்னீசியம்தான், ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, பேதிதான் ஆகும். சிங்கப்பூர் பாட்டிலுக்கும் இதே கணக்குத்தான்.

சரி, மக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் ஹார்ட் அட்டாக் வராதா? ரத்தத்தில் மக்னீசியம் குறைவாக இருப்பவர்களுக்கு இதய நோயும் துடிப்புக் கோளாறும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் குறைவே இல்லாத ஒருவருக்கு மாத்திரையாகக் கொடுத்து மாரடைப்பைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயம், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வியாபாரம் நடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்களுக்கே இதில் பெரிய நம்பிக்கை இருந்தது, சின்ன ஆய்வுகள் நன்றாக வந்திருந்தன. அப்புறம் 1995இல் வெளியான ஐசிஸ்-4 என்ற ஆய்வில், மாரடைப்பு என்று வந்த 58,000 பேரைச் சேர்த்துப் பாதிப் பேருக்கு ரத்தக்குழாய் வழியாக மக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. மாத்திரையாகக் கொடுத்தால் பிரஷர் சராசரியாக இரண்டு புள்ளி இறங்கலாம். அப்பளம், ஊறுகாயைக் குறைத்தால் அதைவிட நன்றாகவே இறங்கும். ஒருவகை ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் எடுப்பது மக்னீசியம் ஊசியைத்தான், அதில் உயிர் பிழைத்தவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதை வைத்து வீட்டில் தினமும் விழுங்கலாம் என்று ஆகாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தக் கேஸ் மாத்திரைதான். பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல், எது எழுதியிருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். இந்த வகை மாத்திரையை மாதக்கணக்கில், முக்கியமாக ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்து, சிலருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 2011இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரிக்கையாக வெளியிட்டது. அவர்கள் பார்த்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு மக்னீசியம் மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சரியானது. நம் ஊரில் என்ன நடக்கிறது? காய்ச்சலுக்குப் போனாலும் சீட்டின் முதல் வரியில் இது இருக்கும். ஆறு வாரத்துக்கு என்று எழுதியதை, அந்தச் சீட்டையே கடையில் காட்டிக் காட்டி ஆறு வருடமாக வாங்குவார்கள், கடைக்காரரும் கொடுப்பார். சர்க்கரை மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது, நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இத்தனை மாத்திரையில் எதை நிறுத்தலாம் என்று பார்க்க வீடு தேடி யாரும் வருவதில்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒன்று கூட்டுகிறோம், ஒருவரும் ஒன்றைக் கழிப்பதில்லை, இதில் என் தொழிலைச் சேர்ந்தவர்களை நான் விட்டுக்கொடுத்துப் பேசப்போவதில்லை.

நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்செரிச்சல் இரண்டு மடங்காக வரும். இது இன்னும் தேவையா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், அவ்வளவுதான். பிரஷர் மாத்திரை அட்டையையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் என்று இரண்டாவது பெயர் ஒன்று இருந்தால், அல்லது பெயரின் கடைசியில் எச் என்ற எழுத்து இருந்தால், அதில் நீர் பிரியும் மருந்து கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இரண்டு மாத்திரையும் ஒரே ஆளுக்கு, கூடவே சர்க்கரையும் அதிகம் என்றால் மூன்று ஓட்டை.

இனி நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம், சிறுநீரகம். உடம்பில் கூடுதலாகச் சேரும் மக்னீசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம் மட்டும்தான். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகியிருக்கலாம், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு மக்னீசியம் கொடுத்தால் உள்ளேயே தேங்கும், தேங்கினால் எந்த இதயத்தைக் காப்பாற்ற வாங்கினோமோ அதையே நிறுத்தப் பார்க்கும். சில வருடம் முன்பு எழுபது தாண்டிய ஒரு ஐயாவைக் காரில் படுக்கவைத்துக் கொண்டு வந்தார்கள். கண் இமையைத் தூக்க முடியவில்லை, கூப்பிட்டால் 'ம்' என்கிறார், முழங்காலில் தட்டினால் கால் அசையவே இல்லை, நாடி நிமிடத்துக்கு 38. வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்றே நினைத்திருந்தார்கள். பேத்தி ஒரு பையில் மாத்திரைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தது, அதில் பச்சை இலை படம் போட்ட ஒரு மக்னீசியம் டப்பா, கூடவே மலச்சிக்கலுக்கு ராத்திரி ராத்திரி குடிக்கும் வெள்ளைப் பால் மருந்து, அதுவும் மக்னீசியம்தான். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின், அவருக்கு மூன்றுக்கு மேல். கால்சியம் ஊசி போட்டு, டயாலிசிஸ் செய்து, ஐயா எழுந்து உட்கார மூன்று நாள் ஆனது. அந்தப் பெண் பையை அள்ளிக் கொண்டு வராமல் இருந்திருந்தால் எனக்கும் உடனே பிடிபட்டிருக்காது.

அதனால் கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இல்லாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். எழுபது வயதுப் பெண்மணிக்கு 1.3 என்பது தாளில் பார்த்தால் வரம்பை ஒட்டித்தான் தெரியும், ஆனால் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் 45க்குப் பக்கத்தில்தான் நிற்கும். இஜிஎஃப்ஆர் என்று போட்டிருக்கும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அறுபதுக்கு மேல் என்றால் பயமில்லை. முப்பதிலிருந்து அறுபதுக்குள் என்றால் டாக்டர் பார்த்து அளவு சொல்லாமல் மக்னீசியம் எதுவும் கூடாது. முப்பதுக்குக் கீழே என்றால் மாத்திரை மட்டுமில்லை, அந்தப் பால் மருந்து, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்து, பேதி உப்பு எதையும் தொடக்கூடாது. ஜெல் மருந்து பாட்டிலில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு என்று பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

செட்டியாருடைய உபத்திரவத்துக்கு வருவோம். ராத்திரியில் படபடப்பு, முழிப்பு என்றீர்களே, கூடவே வேர்க்கிறதா? சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்து, ராத்திரிச் சாப்பாடு குறைவு என்றால் அது சர்க்கரை தாழ்ந்துபோவதாக இருக்கலாம். அடுத்த முறை முழித்ததும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை சரியாக இருந்தால் இசிஜி எடுக்க வேண்டும். கெண்டைக்கால் இழுப்புக்கு மக்னீசியம் என்பது ஊரெல்லாம் சொல்வது, ஆனால் வயதானவர்களுக்குக் கொடுத்துச் சோதித்ததில் பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. அவர் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மக்னீசியம் டப்பா பார்த்துக்கொள்ளும் என்று மூன்று மாதம் காத்திருந்தால் காலுக்கே ஆபத்து.

ரத்தத்தில் மக்னீசியம், பொட்டாசியம், கிரியேட்டினின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின், ஒரு இசிஜி. இவ்வளவு போதும், டப்பா விலையில் பாதிகூட ஆகாது. எண்பது டெஸ்ட், தொண்ணூறு டெஸ்ட் என்று பேக்கேஜ் விற்பார்கள், வேண்டாம், அதில் ஏதாவது ஒன்று சிவப்பில் வந்து அதற்கொரு டப்பா விற்க ஆள் போன் செய்வான். மக்னீசியம் பொதுவாக 1.7லிருந்து 2.2 வரை இருக்க வேண்டும், லேபுக்கு லேப் சற்று மாறும். கீழே இருந்தால் டாக்டரே காரணம் பார்த்து, எந்த உப்பு, எத்தனை நாள் என்று எழுதுவார். நார்மலாக வந்தாலும் செல்லுக்குள் கொஞ்சம் குறைவாக இருக்க இடமுண்டு, அதற்குச் சாப்பாடே போதும்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் கொஞ்சம் சறுக்கிவிட்டன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மில்லிகிராம் கணக்கில் மக்னீசியம் வேண்டும். வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது, ஒரு கப் சோற்றில் இருபது மில்லிகிராம் தேறினால் பெரிது. காலையில் வெள்ளைப் பணியாரம், மத்தியானம் சோறு, ராத்திரி இட்லி என்றால் எங்கிருந்து வரும்? ஒரு கப் பாசிப்பயறுச் சுண்டல் தொண்ணூறு கொடுக்கும், கைப்பிடி வேர்க்கடலை ஐம்பது, ஐம்பது கிராம் கம்பு அறுபது, ஒரு கரண்டி கீரை மசியல் அறுபது எழுபது. கீரையை வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள், பாதிச் சத்து அதில்தான் போகும், மண்டியிலோ ரசத்திலோ சேர்த்துவிடுங்கள். கவுனி அரிசி தவிடு போகாத அரிசிதான், சத்து உண்டு, ஆனால் நாம் அதைச் சீனியும் தேங்காயும் நெய்யும் கொட்டிக் கிண்டியல்லவா சாப்பிடுகிறோம், அந்த ரூபத்தில் செட்டியாருக்கு வேண்டாம். உப்புப் போட்டுச் சோறாக வடித்துக் கத்தரிக்காய்க் குழம்போடு ஒரு கப் கொடுங்கள், பிடிக்காது என்பார், நாலு நாளில் பழகிவிடும். இந்தப் பட்டியலையும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தாராளமாகக் கொடுக்க வேண்டும், வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்குக் கீரை, கடலையில் இருக்கும் பொட்டாசியமே பிரச்சினை ஆகும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், இந்த டப்பாவையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பையனிடம் பில் கேளுங்கள், பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், உறவு இதில் கெடாது. இதற்கிடையில் படபடப்போடு நெஞ்சு அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்து சாய்ந்தாலோ அது வாய்வு, சூடு என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், ராத்திரி இரண்டு மணியானாலும் 108ஐக் கூப்பிட்டு இசிஜி எடுக்க வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள்.